முருகம்மாள் குரலை அடக்கிய சனிக்கிழமை

சுருளி அருவியில் குளிக்கப் போகிற எவரும் மூன்று காவல்களைத் தாண்டியாக வேண்டும். முதல் காவல், நுழைவுச்சீட்டு கொடுக்கும் பாஜிலா. அடுத்தது, மரக்கிளையில் உட்கார்ந்து பைகளை எடைபோடும் குரங்குகள். அதற்கும் அப்பால் முருகம்மாள். பாஜிலாவிடம் சிரித்துப் பேசிக் கடந்துவிடலாம். குரங்குகளிடம் கம்பை ஓங்கிக் கடந்துவிடலாம். முருகம்மாளை ஏமாற்றிக் கடந்தவர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் துழாவுவது அவள் வேலை. சோப்பு, ஷாம்பு, சீயக்காய், எண்ணெய், பிளாஸ்டிக் பை, சாராய பாட்டில் எதுவும் காட்டுக்குள் போகக்கூடாது. கையை விடக் கெட்டிக்கார மூக்கு அவளுக்கு. வந்தவர்கள் எந்த ஊர் வழியாக வந்தார்கள் என்பதைக்கூட அது சொல்லிவிடும். நல்லெண்ணெய் வாசம் அடித்தால் குச்சனூர் சனீஸ்வரனுக்கு விளக்குப் போட்டு வந்தவர்கள். வேப்பிலையும் மஞ்சளும் அடித்தால் வீரபாண்டி அம்மனைக் கும்பிட்டு வந்த கூட்டம். பொரித்த மீன் வாசம் அடித்தால் சந்தேகமே வேண்டாம், சாமி கும்பிடுகிற எண்ணமே இல்லாமல் வைகை அணைப் பூங்காவைச் சுற்றிவிட்டு நேராக வந்தவர்கள்.

மூக்கு அவள் பிறகு வளர்த்துக்கொண்டது. குரல் கூடவே பிறந்தது. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் சிறுமியாகக் கிளி விரட்டப் போனவள் அவள். மற்ற பிள்ளைகள் தகரம் தட்டினார்கள். முருகம்மாள் வாயைத் திறந்தாலே போதும், அடுத்த தோட்டத்துக் கிளியும் சேர்ந்து பறந்துவிடும். வயதுக்கு வந்தபின் இதே காட்டில் விறகுக்கட்டு சுமந்தாள். பின்னாளில் வனத்துறை ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் குழு அமைத்தபோது, அந்தக் குரலுக்காகவே அவளைச் சாவடியில் நிறுத்தினார்கள். கணவர் அம்மாவாசி திராட்சைக்குக் கவாத்து வெட்டுகிறவர். கல்யாணத்தன்று "சரி" என்று சொன்னவருக்கு, அதற்குப் பிறகு வேறு எதையும் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்படி ஒரு குரலுக்குப் பிறந்த மகள் எப்படி இருப்பாள்? கடவுளின் விளையாட்டைப் பாருங்கள். முனீஸ்வரி பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கம்பத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அழகு, பொறுமை, படிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் கைக்கு எட்டிய இரண்டு சம்பந்தங்கள் வாய்க்கு எட்டாமல் போயின. போனதற்குக் காரணமும் வாய்தான், அவளுடையது அல்ல. சின்னமனூர் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு நாள் ஷாம்பு பாக்கெட்டைத் தலைப்பாகைக்குள் ஒளித்து வந்து முருகம்மாளிடம் அகப்பட்டிருந்தார். உத்தமபாளையத்து மாப்பிள்ளையின் சித்தி அகப்படக்கூட இல்லை. அடுத்தவரை முருகம்மாள் திட்டியதைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றார், அவ்வளவுதான். "அந்த வாய்க்கு நாங்க சம்பந்தியாக முடியாது" என்று இரண்டு வீட்டிலும் ஒரே பதில் வந்தது.

மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் தங்கப்பாண்டியன். யாத்திரை வேன் ஓட்டுவது அவருக்குத் தொழில். கல்யாணம் முடித்து வைப்பது ஆசை. கோயில் கோயிலாக ஆட்களை ஏற்றிப் போகிறவருக்கு எந்த வீட்டில் என்ன வேண்டுதல் என்பது தெரியாமல் இருக்குமா? பெண்ணுக்காக வேண்டிக்கொண்டவரையும் பையனுக்காக வேண்டிக்கொண்டவரையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிடுவார். மற்றதை மலைப்பாதைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும்.

அந்த வியாழக்கிழமை அவர் சாவடியில் வண்டியை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆத்தா முருகம்மா, சனிக்கிழமை உன்னையப் பாக்க வர்றாக."

"என்னையவா? பொண்ணு அவதானே?"

"பொண்ணைப் போட்டோவுல பாத்துட்டாக. பையன் விஜய்ராஜும் இவளும் போன்ல பேசிக்கிறாக. இப்ப ஆத்தாக்காரியப் பாக்கணுமாம். தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை வீட்டுல பாக்க வேணாம்னு சொல்வாகள்ல. உனக்கு உத்தியோகமே தண்ணித்துறையில. அவுகளுக்குத் தோதாப் போச்சு."

முருகம்மாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "யார் யாரு வர்றாக? எப்படி இருப்பாக?"

"சொல்ல மாட்டேன்னு கையடிச்சுக் குடுத்திருக்கேன். தெரியாம வந்து தெரியாமப் போகணுமாம். என் வண்டி உனக்குத் தெரியும்னு வேற வண்டி பேசியிருக்காக."

"அண்ணே, ஒரு அடையாளமாச்சும்."

"தேவதானப்பட்டிக்காரக. அதுக்கு மேல கேக்காத. பையனுக்கு லீவு இல்லை, அவன் வரல."

விஜய்ராஜின் முகம் மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும். அவன் அம்மாவின் வாட்ஸ்அப் படத்தில் ஆளே இல்லை. தேவதானப்பட்டிக் காமாட்சியம்மன் கோயிலின் சாத்திய கதவுதான் இருந்தது. அந்தக் கோயிலில் கதவுக்குத்தானே பூஜை.

சனிக்கிழமை விடிந்தது. முருகம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பும்போது முனீஸ்வரி வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னாள். தாய்க்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் விளங்கியது.

"இன்னைக்கு ஒரு நாள் மெதுவாப் பேசும்மா. எனக்கு அவுகளைப் பிடிச்சிருக்கு."

இருபத்தேழு வயது வரை அந்தப் பெண் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலையின் நிறத்தைக்கூடக் கேட்டதில்லை. பெற்றவளின் நெஞ்சு அருவிக்கரைப் பாறை அல்லவே. முருகம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். "இன்னைக்கு என் வாயில இருந்து வெல்லம்தான் வரும் பாரு" என்றாள். அந்த வாக்குறுதியே தெருக்கோடி வரை கேட்டது.

சாவடியில் அன்று நடந்தது ஊர் கண்டிராத காட்சி.

"வாங்க ஐயா. பயணமெல்லாம் நல்லா இருந்துச்சா? பையைக் கொஞ்சம் பாத்துக்கிறட்டுமா?"

கூடலூரிலிருந்து அமாவாசை தவறாமல் வருகிற ஒரு பெரியவர் பின்வாங்கினார். "என்னத்தா, உடம்புக்கு முடியலையா?"

சட்டைப்பைக்குள் ஷாம்பு வைத்திருந்த ஓர் இளைஞன், அவள் சிரிப்பைக் கண்டதும் தானே எடுத்து நீட்டினான். "வையிறதுன்னா வைஞ்சிருங்கக்கா. இப்படிச் சிரிச்சா குலை நடுங்குது."

பாஜிலா சீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "அக்கா, உன் மூஞ்சியப் பாத்துட்டு ரெண்டு பேரு டிக்கெட்டே வேணாம்னு திரும்பிட்டாக. கொஞ்சம் முறைச்சாப்புல இரு."

"சும்மா இரு பாஜிலா. இதுல எந்தக் கூட்டம் தேவதானப்பட்டின்னு கண்டுபிடிக்கணும். வழி யோசிச்சு வச்சிருக்கேன்."

"என்ன வழி?"

"தேங்கா."

சாவடியைத் தாண்டியதும் வருகிற கோயிலின் வாசலில் எல்லோரும் தேங்காய் உடைப்பார்கள். தேவதானப்பட்டிக் காமாட்சிக்கோ தேங்காயை உடைப்பதில்லை, வாழைப்பழத்தை உரிப்பதில்லை. முழுசாக வைத்துக் கும்பிட்டு முழுசாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, தேங்காய் வாங்கியும் உடைக்காமல் போகிறவர்தான் தன் சம்பந்தி என்பது முருகம்மாளின் முடிவு.

பாஜிலாவுக்கு அது பிடிபடவில்லை. "அக்கா, அது அந்த அம்மனுக்கு மட்டும்தானே? மத்த கோயில்ல அவுகளும் உடைக்கத்தானே செய்வாக?"

"பழகின கைக்கு உடைக்க வராதுடி."

பாஜிலா சீட்டுக் கிழிக்கப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்தது. அதிலிருந்து கனத்த உடம்போடு ஓர் அம்மாள் இறங்கினார். பின்னாலேயே ஒரு மெலிந்த பெண், இரண்டு தோளிலும் பைகள், கக்கத்தில் குடை, கையில் செருப்பு. கடைசியாக இறங்கிய ஆண் மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இரண்டு பெண்களை மட்டும் பார்க்கவில்லை.

"ஏ, துண்டை எடுத்தியா? குடையை விரி. வெயிலு என் மேல விழுகுது பாரு" என்று கனத்த அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். மெலிந்தவள் மூன்றாவது கை முளைக்காதா என்பதுபோலத் தடுமாறினாள்.

முருகம்மாள் பையைத் திறந்தாள். நல்லெண்ணெய்ப் பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம்.

"இதை இங்கன வச்சிட்டுப் போங்கம்மா. திரும்பி வரயில வாங்கிக்கிறலாம்."

"எதுக்கு வைக்கணும்? இது என்ன உங்க அப்பன் வீட்டு அருவியா?"

பாஜிலா கண்ணை மூடிக்கொண்டாள். வேறொரு சனிக்கிழமையாக இருந்தால் அந்தக் கேள்விக்கான பதில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் கேட்டிருக்கும். முருகம்மாள் எச்சிலை விழுங்கினாள். அதோடு சேர்த்து எத்தனையோ சொற்களையும் விழுங்கினாள்.

"இல்லங்கம்மா. காட்டோட அருவி. இந்தத் தண்ணியத்தான் கீழ நாங்க குடிக்கிறோம்."

அந்த அம்மாளின் மடியில் இன்னொரு சீயக்காய்ப் பொட்டலம் இருப்பதை மூக்கு சொன்னது. முருகம்மாள் தன் மூக்கையும் அடக்கினாள். அந்த அம்மாள் கோயில் வாசலுக்குப் போய்த் தேங்காயை ஓங்கி ஒரே அடி. இரண்டு மூடியும் தனித்தனித் திசையில் ஓடின. மெலிந்தவள் அவற்றின் பின்னால் ஓடினாள்.

"நல்லவேளை, இதுக தேவதானப்பட்டி இல்ல" என்று முருகம்மாள் பெருமூச்சு விட்டாள்.

அடுத்து வந்தார்கள் அவள் காத்திருந்தவர்கள். நாகரிகமான ஓர் ஆள், அவர் மனைவி, மனைவியின் தாயார். கூடை நிறையத் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். சோப்பு இல்லை, ஷாம்பு இல்லை. மூவரும் கோயில் வாசலை மெல்லக் கடந்தார்கள். தேங்காயைத் தொடக்கூட இல்லை.

முருகம்மாளுக்கு உடம்பெல்லாம் பூத்தது. சாவடியைப் பாஜிலாவிடம் ஒப்படைத்துவிட்டு, கூடையைத் தானே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மரங்களின் பெயரைச் சொன்னாள். சிங்கவால் குரங்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று சொன்னாள். மேலே குகையில் இருக்கிற கைலாசநாதரைச் சொன்னாள். இடையிடையே தன் வீட்டுச் சரக்கையும் கலந்தாள்.

"எங்க மக இருக்காளே, பூனை நடக்கிற சத்தம்கூட வராது. சமையல் அப்படி ஒரு பக்குவம்."

"அப்படியா, நல்லது" என்றார் அந்த ஆள். மனைவியின் காதில், "கைடுன்னா இப்படித்தான் குடும்பக் கதையும் சொல்லுவாக போல" என்றார்.

மனைவி இரக்கமுள்ளவள். "மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சாக்கா?"

ஆகா, கேட்டுவிட்டார்கள். முருகம்மாளின் கண்ணில் நீரே வந்துவிட்டது. "உங்களை மாதிரி நல்லவுக மனசு வச்சா ஆயிரும்."

அருவிக்கரையில் அவர்களைப் பாறையில் உட்காரவைத்தாள். அவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். மனைவியின் தாயார் கண்ணை மூடி, நெற்றியிலும் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் விரலை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு, முதல் கவளத்தை எடுத்தார்.

முருகம்மாள் சிலையானாள்.

"ஐயா, நீங்க எந்த ஊரு?"

"அனுமந்தன்பட்டி. என் பேரு ஜாஸ்பர்."

"அப்ப இம்புட்டுத் தேங்காயும்?"

"வர்ற வழியில மலிவாக் குடுத்தாக. சட்னிக்கு."

அவள் வாய் திறப்பதற்குள் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. மேலே ரோந்து போயிருந்த வனவர் ஞானசிகாமணியின் குரல். "முருகம்மா, யானைக் கூட்டம் குட்டியோட கீழ இறங்குது. அருவிக்குத்தான் வருது. உடனே எல்லாரையும் வெளிய அனுப்பு."

குட்டியோடு வருகிற தாய்யானை எப்படிப்பட்டது என்பதைக் காட்டில் விறகு பொறுக்கியவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அருவியின் அடியில் பெருங்கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. முருகம்மாள் கைகூப்பினாள்.

"ஐயாமார்களே, அம்மாமார்களே, கொஞ்சம் வெளிய வர்றீகளா?"

அருவி அந்தச் சொற்களை எடுத்துப் பாறையில் அடித்து நுரையாக்கியது. ஒருவரும் திரும்பவில்லை.

இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ மகளின் மாமியார் நிற்கிறாள். வாயைத் திறந்தால் மகளின் வாழ்வு போகும். திறக்காவிட்டால் இத்தனை உயிரும் போகும். காலையில் தொட்ட கன்னம் அவள் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ ஒரு மூங்கில் படாரென்று ஒடிந்தது.

"என்னைய மன்னிச்சிரு முனீசு" என்று முணுமுணுத்துவிட்டு, முருகம்மாள் மூச்சை இழுத்தாள்.

"ஏலே, தண்ணியில நிக்கிற அம்புட்டுப் பேரும் வெளிய வாங்க. யானை வருது. துண்டைத் தேடாத. செருப்பைத் தேடாத. யானை உன் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போகாது. ஏ சிவப்பு டவுசரு, செல்பி எடுத்த, யானைக்கு முன்னால உன்னைய நான் மிதிப்பேன். நட, நட."

அருவியே ஒரு கணம் நின்று கேட்டதாகப் பின்னால் பாஜிலா சொன்னாள். பாஜிலா இருந்ததோ வெகு தூரத்தில், சாவடியில். அங்கேயும் கேட்டிருக்கிறது. கூட்டம் ஈரத்தோடு ஓடியது. ஜாஸ்பர் புளியோதரைக் கையோடு மாமியாரை இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. தலை நிறையச் சீயக்காயோடு அந்தக் கனத்த அம்மாள். கரையில் பைகளைச் சுமந்துகொண்டு மெலிந்தவள் தவித்தாள்.

"தலையை அலசிட்டு வாரேன்" என்றார் அம்மாள்.

"அலச வேணாம். யானை வந்து அலசி விடும். வெளிய வா."

"நான் யாருன்னு நெனச்ச?"

"மடியில சீயக்காயை ஒளிச்சுக் கொண்டாந்த ஆளுன்னு காலையிலயே தெரியும். தெரிஞ்சும் விட்டது என் தப்பு. நட."

கையைப் பிடித்து ஓர் இழுப்பு. அம்மாள் கரைக்கு வந்துவிட்டார். முருகம்மாளின் பார்வை மெலிந்தவள் மேல் விழுந்தது. அவள் தோளிலிருந்த பைகளைக் கழற்றி அம்மாளின் கையில் திணித்தாள். "உன் மூட்டையை நீ தூக்கு. இந்தப் புள்ளை பாரத்தோட எப்படி ஓடும்?"

அம்மாள் வாயைத் திறந்தார். மேலே ஒரு பிளிறல் கேட்டது. வாயை மூடிக்கொண்டு, இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, தலையில் நுரையோடு ஓட்டமும் நடையுமாகச் சாவடி வரை வந்து சேர்ந்தார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசி ஆள் கரையை விட்டதும் அருவிக்கரையில் யானைகள் இறங்கின. நல்ல நேரம், குட்டிக்குக் குளியல் கிடைத்தது.

சாவடியில் நுரை வெயிலில் காய்ந்து அம்மாளின் தலையில் தேன்கூடு மாதிரி நின்றது. சுற்றிலும் சிரிப்பு. அவருக்குப் பொறுக்கவில்லை.

"தேவதானப்பட்டியில இருந்து சம்பந்தம் பேச வந்தவளுக்கு நல்ல மரியாதை. தம்பி தவசி, இந்த வீட்டுப் பொண்ணு நமக்கு வேணாம். வண்டியை எடுக்கச் சொல்லு."

முருகம்மாளின் தலைக்குள் மலை சரிந்தது. தேங்காயை ஒரே அடியில் உடைத்த கையா தேவதானப்பட்டிக் கை? அவள் சாவடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பாஜிலா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள்.

நாச்சம்மாள் என்ற அந்த அம்மாள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தவசி கார் அருகே நின்று வானத்தைப் பார்த்தார். மெலிந்தவள் மட்டும் காருக்குப் போகாமல் முருகம்மாளிடம் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"நான் பையனோட ஆத்தா. கனியம்மாள்."

"தாயி, என்னையத் திட்டணும்னா திட்டிருங்க. என் மக மேல ஒரு குத்தமும் இல்ல."

"எதுக்குத் திட்டுறேன்? வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து என் நாத்தனா மூட்டையை நான்தான் தூக்குறேன். இன்னைக்கு அவுகளே தூக்கிட்டு ஓடுனாக. வாயத் தொறக்கல. என் கண்ணு ரெண்டும் போதல." கனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பாஜிலாவுக்கு விளங்கவில்லை. "எங்க வீட்டுக்கு இந்த வாய்தான் வேணும். எப்ப வந்து பூ வைக்கட்டும் மதினி?"

மதினி. சம்பந்திக்குச் சம்பந்தி சொல்கிற அந்த முறைச்சொல் முருகம்மாளின் காதில் தேனாகப் பாய்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு நாள் குறித்திருக்கலாம். ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்தபோது அவளால் முடியவில்லை.

"ஒண்ணு சொல்லிர்றேன் மதினி. பின்னால ஏமாத்திட்டான்னு சொல்லக்கூடாது. என் மகளுக்கு இந்த வாய் கிடையாது. சோத்துக்கு உப்பு வேணும்னாலும் கேக்கத் தெரியாது. உங்க நாத்தனாருக்கு அவளும் ஒரு மூட்டையைத் தூக்கிருவா."

கனியம்மாள் காரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அதுவும் ஒண்ணுக்கு நல்லதுதான். வீட்டுக்குள்ள எந்நேரமும் இந்தச் சத்தம் இருந்தா எனக்கே காது போயிரும்" என்றாள் கனியம்மாள். "நீங்க மாசம் ஒருக்கா மகளைப் பாக்க வந்துட்டுப் போங்க. அது போதும். வர்ற வெள்ளிக்கிழமை பூ வைக்கிறோம். எங்க வீட்டுக்காரக போட்டோ பாத்தப்பவே தலையாட்டிட்டாக. நாத்தனாகிட்டதான் சொல்லணும். அதை நெனச்சாத்தான் கால் உதறுது."

கார்க் கண்ணாடி இறங்கியது. "ஏ கனி, அங்கன என்ன பேச்சு? வாரியா, விட்டுட்டுப் போகவா?"

கனியம்மாள் பதறி எழுந்தாள். முருகம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொண்டையில இருந்து பேசாதீக. அடிவயித்துல இருந்து எடுங்க."

கனியம்மாள் மூச்சை இழுத்தாள். முதல் முயற்சியில் இருமல்தான் வந்தது. மறுபடி இழுத்தாள்.

"வாரேன், இருங்க. சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கேன்."

கிளையில் இருந்த குரங்கு ஒன்று எழுந்து அடுத்த கிளைக்குப் போனது. தவசி முதல்முறையாக வானத்திலிருந்து கண்ணை இறக்கித் தன் மனைவியைப் பார்த்தார். கார்க் கண்ணாடி மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது.